யாருக்கும் யாருக்கும் சண்டை?



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் மகள், எட்டாம் வகுப்பு. மற்றவள் மேல்மாடியில் குடியிருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை, அவளும் அதே வகுப்புத்தான். நோர்வேஜிய மொழிப் பாடத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தத்தம் வீட்டில் சொல்லப்படும் கதை ஒன்றை எடுத்து, அதில் வரும் முரண் எத்தகையது என்று எழுதவேண்டும். வெளியே நடக்கும் முரணா, மனதுக்குள் நடக்கும் முரணா? வெளியே என்றால் மனிதனுக்கும் மனிதனுக்குமா, மனிதனுக்கும் சமூகத்துக்குமா, மனிதனுக்கும் இயற்கைக்குமா? கட்டம் போட்ட தாளில் உரிய இடத்தில் புள்ளடி இடவேண்டும்.

மகள் சூரன்போரை எடுத்திருந்தாள். வருடந்தோறும் குளிர்ச் சட்டைக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு நின்று பார்ப்பது அவளுக்குத் தெரிந்த கதை.

"அப்பா, முருகனுக்கும் சூரனுக்கும் சண்டை. அப்ப இது வெளியில நடக்கிறதுதானே?"

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நான் என் கணக்குகளுக்குத் திரும்பிவிட்டேன். அன்றிரவு படுத்த பிறகுதான் அந்தப் பதில் சரியோ என்ற ஐயம் வந்தது. அந்த ஐயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பண்டிதனும் அல்லன், புராணிகனும் அல்லன். ஊரிலே கோயில் மண்டபத்துத் தூணோடு சாய்ந்திருந்து புராணபடனம் கேட்ட பிள்ளைகளில் ஒருவன். பிழை இருந்தால் பெரியோர் திருத்துக.

முதலில் ஒன்று. முரணை வகை பிரிப்பது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை அல்ல. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாகப் பிரித்தார்: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண். இதைப் பாடசாலையில் பூக்களின் பெயராக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். ஆனால் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். ஆநிரை கவரப் போவது வேறு திணை. மண்ணாசையால் படையெடுப்பது வேறு. அரணை முற்றுகையிடுவது வேறு. வலிமை யாருக்கு என்று காட்டுவதற்காகவே எதிரெதிர் நின்று பொருதுவது வேறு. எதிரி யார் என்று அவர் பிரிக்கவில்லை. என்ன நோக்கம், எத்தகைய செயல் என்றே பிரித்தார். எல்லாவற்றோடும் சேர்த்து, நிலையாமையைச் சொல்லும் காஞ்சிக்கும் புறத்திணையிலேயே இடம் வைத்தார். போரைப் பேசும்போது சாவையும் பேசாமல் விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. (அகம் என்று அவர் சொன்னது காதல் வாழ்வை. அதை இவர்களுடைய 'உள் முரண்' என்று மாற்றிப்போட்டு மேடையில் பேசுவோரும் உண்டு. அது வேறு, இது வேறு.)

கந்தபுராணத்துக்கு வருவோம். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல். காண்டங்கள் ஆறு. யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை குறிப்பிட்டார். அப்படிப்பட்ட நூலில், கடல் கடந்து நாம் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் ஒரு மாலை நேரத்து நிகழ்ச்சியைத்தான். சூரனின் உருவத்தில் தலை மாற்றுவார்கள். ஆனைமுகன் போவான், சிங்கமுகன் போவான், பிறகு சூரன் வருவான், மாமரம் வரும், சேவலும் மயிலும் வரும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நல்லவர் வென்றார், கெட்டவன் தோற்றான், பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நூல் அப்படிச் சொல்லவில்லை. சிங்கமுகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் சூரனுடைய தம்பி. மந்திராலோசனைச் சபையில், வந்திருப்பவர் சிறு பிள்ளை அல்லர், பரம்பொருளே, சிறையிலுள்ள தேவர்களை விட்டுவிடு என்று அண்ணனுக்கு எடுத்துச் சொல்கிறான். அண்ணன் சினக்கிறான். இனிச் சொல்லிப் பயனில்லை என்று கண்டதும், தான் பிழை என்று சொன்ன அதே போருக்குப் போய் மடிகிறான். சூரனின் மகன் பானுகோபனும் கடைசியில் தகப்பனுக்கு அதே புத்தியைச் சொல்லி, ஏச்சு வாங்கி, போர்க்களத்துக்குப் போகிறான். இவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? என் மகளின் தாளில் இவர்களுக்கு எந்தக் கட்டம்?

இதையே கம்பன் கும்பகருணனில் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறான். செய்தது தவறு என்று இராவணனிடம் சொல்கிறான் கும்பகருணன். அழைத்துப்போக வந்த தம்பி வீடணனிடம், நீ போ, நான் வரமாட்டேன் என்கிறான். ஒருவன் தருமத்தின் பக்கம் போக உடன்பிறப்பை விட்டான், மற்றவன் உண்ட சோற்றுக்காகத் தருமத்தை விட்டான். 1980 இல் யாழ்ப்பாணத்தில் கம்பன் கழகம் தொடங்கிய பிறகு இந்த வழக்கை எத்தனை பட்டிமண்டபங்கள் விசாரித்தன! தீர்ப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மறுபடி விவாதம் நடக்கும். சரியும் பிழையும் மோதினால் நடுவருக்கு வேலை குறைவு. சரியும் சரியும் மோதும்போதுதான் தூக்கம் கெடுகிறது. கிரேக்க நாடகமாகிய அன்றிகொனியைப் பற்றி ஜேர்மனியத் தத்துவஞானி ஹேகல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. சகோதரனைப் புதைக்க வேண்டும் என்ற தங்கையின் கடமைக்கும் அரச கட்டளைக்கும் இடையிலான அந்தப் பிணக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு, இரு பக்கமும் தன் நியாயத்தை மட்டுமே நியாயம் என்று எண்ணியதே துன்பம் என்றார்.

சூரனிடமே வருவோம். போரின் உச்சத்தில் முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். அதைக் கண்டதும் சூரனின் பகை கரைந்துவிடுகிறது. வியக்கிறான், போற்றுகிறான், வணங்க மனம் உந்துகிறது. ஆனால் மானம் என்ற ஒன்று மட்டும் போகாமல் நின்று தடுக்கிறது. இத்தனை நாள் எதிர்த்து நின்றவன் எல்லோரும் பார்க்கத் தலை வணங்குவதா? முருகன் அந்தப் பேருருவை மறைத்ததும் பழைய சினம் திரும்பி வர, அவன் மறுபடி ஆயுதம் எடுக்கிறான். அந்த இடத்தில் சண்டை முருகனுக்கும் சூரனுக்கும் அல்ல. சூரனுக்கும் சூரனுக்கும். நமது சபைகளிலும் சங்கங்களிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் எத்தனையோ பேர், பிரிந்த காரணம் மறந்துபோன பிறகும் இந்த ஒன்றுக்காகவே பிரிந்து நிற்பதை நானும் கண்டிருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன்.

ஆகவே மகளுக்குச் சொன்ன பதில் அரைகுறை. மறுநாள் மாலை இதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். மேல்மாடிப் பிள்ளையும் கூட இருந்தாள். தமிழில் பாதியும் நோர்வேஜிய மொழியில் பாதியும். சமூகத்தோடு முரண்படும் கதைக்கு உதாரணம் கேட்டார்கள். இந்த நாட்டில் இருந்துகொண்டு இப்சனை விட்டுவிட்டு எங்கே போவது? 1882 இல் அவர் எழுதிய 'மக்கள் பகைவன்' நாடகத்தில், ஊருக்கு வருமானம் தரும் நீராடும் நிலையத்தின் தண்ணீர் நஞ்சாகிவிட்டது என்று ஒரு வைத்தியர் கண்டுபிடிக்கிறார். ஊர் முழுவதும் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. முன்னின்று எதிர்ப்பவர் நகர முதல்வராகிய சொந்த அண்ணன். இதே கதையை 1989 இல் சத்யஜித் ராய் 'கணசத்ரு' என்ற வங்காளப் படமாக எடுத்தபோது, தண்ணீரைக் கோயில் தீர்த்தமாக மாற்றினார். தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறது, கோயிலைச் சில நாள் மூடித் திருத்த வேண்டும் என்கிறார் வைத்தியர். தீர்த்தம் கெடாது என்கிறார்கள் மற்றவர்கள். எமது ஆலயத்தில் ஒருவர் எழுந்து அப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம் என்று படம் பார்த்தபோது யோசித்தேன். அவர் எந்தக் கட்சிக்காரர், யார் அனுப்பி வந்தவர் என்றுதான் முதலில் கேட்போம் என்று நினைக்கிறேன். தண்ணீரைச் சோதிப்பது பிறகு.

ஊரிலும் அப்படி ஒன்று நடந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட அடியார்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்படி மறிப்பது குற்றம் என்று 1957 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வழி மறிக்கப்பட்டது. மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் படிப்பறிவற்ற ஒருவர் அல்லர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். ஆகமத்தையும் மரபையும் காப்பதாகவே அவர் நினைத்தார். வாசலில் நின்றவர்களுக்கோ முருகன் தங்களுக்கும் முருகன். இதை ஒரு தரப்பார் 'மரபுக்கும் குழப்பக்காரருக்கும் நடந்த சண்டை' என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதையில் முரணின் வகையை மாற்றிச் சொன்னால் குற்றவாளியும் மாறிவிடுகிறான். அந்த வாசலில் நடந்தது கும்பகருணன், வீடணன் வழக்குப் போன்ற சமபல நியாயம் என்று நான் கருதவில்லை. கும்பிட வந்தவனை மறிப்பதற்கு நியாயம் இல்லை. ஆனால் மறித்தவர்கள் தம்மைச் சூரர்களாக எண்ணவில்லை, காவலர்களாகவே எண்ணினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கதையிலிருந்து நாம் எதையும் கற்க மாட்டோம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, மேல்மாடிப் பிள்ளை சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "உங்கட ஊரில முஸ்லிம் ஆட்கள் இருக்கினமா?"

"இருந்தவை" என்றேன்.

"இருந்தவையோ? ஏன், இப்ப இல்லையோ?" என்று கேட்டது என் மகள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. 1990 ஆம் ஆண்டு. போர் மறுபடி தொடங்கி, குண்டுவீச்சும் தொடங்கியிருந்த காலம். தீபாவளிக்கு எனக்கு ஒரு சேட்டு. பட்டினத்தில் ஒரு முஸ்லிம் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. வளருகிற பிள்ளை என்று இரண்டு விரல் கூட்டித் தைப்பார். அந்த ஆண்டு தீபாவளி ஒக்டோபர் நடுப்பகுதியில் வந்தது. அதைத் தொடர்ந்து கந்தசஷ்டி. எங்கள் ஊர்க் கோயிலில் சூரன்போரை வெளிச்சம் இருக்கும்போதே சுருக்கமாக முடித்தார்கள். நான் அந்தச் சேட்டோடுதான் போனேன். அதன் பின் சில நாட்களே. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டனர். வீடு, கடை, நகை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நான் கேட்டேன். "பேசாமல் இரு" என்றார் அம்மா. பயமும் ஒரு காரணம், அதை மறுக்க மாட்டேன். பயம் மட்டும்தான் காரணமா என்பதுதான் கேள்வி. இரண்டு விரல் கூட்டித் தைத்தபடியால் அந்தச் சேட்டு எனக்கு அடுத்த வருடமும் அளவாக இருந்தது.

தேவர்கள் மீன் சுமந்தார்கள், சிறையிருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போது நாம் யார் என்று நமக்கு நன்றாகத் தெரியும். 1981 இல் நூலகம் எரிந்தது, 1983 இல் நாம் எரிந்தோம், 2009 இல் முள்ளிவாய்க்காலில் நம்மவர்கள் மாண்டார்கள். நாமே தேவர்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தையற்காரரின் பிள்ளைகள் புத்தளத்து முகாமிலிருந்து தங்கள் கதையைச் சொல்லும்போது, அந்தக் கதையில் நாம் எந்தத் தலையோடு வருகிறோம்? கணக்கு எழுதுகிறவனுக்குப் பழகிப்போன விடயம் ஒன்று உண்டு. எந்தப் பதிவுக்கும் எதிர்ப் பதிவு இருந்தே ஆகவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய புத்தகம் எத்தனை அழகான கையெழுத்தில் இருந்தாலும் கணக்காய்வில் நிற்காது.

சிலர் கோபிப்பார்கள் என்று தெரியும். அடிபட்டவர்கள் நாங்கள், எங்களிடமா கணக்குக் கேட்பது, இதை எழுதக் கோயில் இதழா கிடைத்தது என்பார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். என் வீட்டிலும் இழப்பு உண்டு. ஒருவன் செய்த தவறு, அவனுக்கு மற்றவர்கள் செய்த கொடுமையைச் சிறிதாக்கிவிடாது. கோயில் இதழில் எழுதத் துணிந்ததற்குக் காரணம், இந்தக் கேள்வியை நான் கந்தபுராணத்திலிருந்தே எடுத்தேன் என்பதுதான்.

சூரன்போரோடு கந்தபுராணம் முடிவதில்லை. யுத்த காண்டத்துக்குப் பின் தேவ காண்டம், அதன்பின் தக்ஷ காண்டம். வெற்றி கிடைத்து, சிறை மீண்டு, தேவலோகம் திரும்பிய பிறகு, இந்திரன் மகன் சயந்தன் குருவாகிய வியாழனிடம் கேட்கிறான்: தேவர்களாகிய நாங்கள் ஏன் இத்தனை துன்பப்பட்டோம்? அதற்கு விடையாக வருவதுதான் தக்ஷன் வேள்விக் கதை. சிவனை இகழ்ந்து நடத்திய வேள்விக்கு அழைப்பு வந்தபோது தேவர்கள் போனார்கள். இருந்தார்கள். அவிர்ப்பாகம் பெறச் சம்மதித்தார்கள். வேள்வி நடத்தியவன் தக்ஷன்தான். இவர்கள் சும்மா இருந்தவர்கள். புராணம் அந்தச் சும்மா இருந்ததைக் கணக்கில் எழுதுகிறது.

கேட்டவன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். சூரனின் ஆட்கள் கேட்கவில்லை. வெளியிலிருந்து யாரும் வந்து விசாரிக்கவில்லை. சிறையில் கிடந்து வாடிய சயந்தனே கேட்கிறான். சிறையில் இருந்தபோது கேட்கும்படி புராணம் அவனை வற்புறுத்தவும் இல்லை. விடுபட்டு, உடல் தேறி, சொந்த வீட்டில் இருந்துகொண்டு கேட்கிறான். அப்படிக் கேட்டதால் சூரன் செய்தது சரியென்று ஆகவில்லை. சயந்தன் தேவன் அல்லாமலும் போகவில்லை. நாமும் இந்த நாட்டில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, கோயிலும் கட்டிக் குடமுழுக்கும் கண்டுவிட்டோம். சயந்தனுக்குக் கிடைத்த அளவு ஆறுதல் நமக்கும் கிடைத்துவிட்டது என்றே எண்ணுகிறேன்.

சூரனின் முடிவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கூறு மயில், ஒரு கூறு சேவல். எதிரி அழியவில்லை. வாகனமாகவும் கொடியாகவும் கூடவே இருக்கிறான். இதை மறக்கருணை என்று சைவர்கள் சொல்வோம். மயிலைக் கும்பிட்டு வளர்ந்த நாம், பகை முடிந்த பிறகு பகைவனை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வேறு எவரையும்விட நன்றாகப் பதில் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சேட்டுக் கதையை மட்டும் சொன்னேன். மேல்மாடிப் பிள்ளை, "அவர் திரும்பி வந்தவரோ?" என்று கேட்டாள். 2009 க்குப் பிறகு ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம் திரும்பியிருக்கிறார்கள், அந்தத் தையற்காரர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் தேடவும் இல்லை என்றேன். மகள் தாளை எடுத்து, வெளி முரண் கட்டத்தில் இட்டிருந்த புள்ளடியை அழித்தாள். உடனே வேறெதிலும் இடவில்லை. "இதுக்கு எல்லாக் கட்டமும் போடலாமோ எண்டு ரீச்சரைக் கேக்கிறன்" என்றாள்.

வருகிற கந்தசஷ்டி ஆறு நாளும் மாலைப் பூசைக்குப் பின் புராணம் வாசிக்க இருக்கிறோம். ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிந்த பிறகும் விட்டுவிடாமல், அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் தக்ஷ காண்டத்தையும் வாசித்தால் என்ன என்று நிர்வாகத்தினரிடம் கேட்டேன். ஆட்கள் வருவார்களா என்று கேட்டார்கள். புத்தகம் என்னிடம் இருக்கிறது. வாசிக்க ஒருவரும், பயன் சொல்ல ஒருவரும் தேவை. பயன் சொல்பவர் நோர்வேஜிய மொழியிலும் இரண்டு வார்த்தை சொல்லக்கூடியவராக இருந்தால் பிள்ளைகளும் இருந்து கேட்பார்கள். முன்வரக் கூடியவர்கள் வெள்ளிப் பூசைக்கு வரும்போது என்னோடு கதைக்கவும்.